வாசலில் நிற்கும் பிள்ளை

"ஓட்டல் வாசல்லதானே நிக்கப் போறான், என்ன பயம்?" என்றார் எதிர்வீட்டு அக்கா. மகனுக்குப் 'பவுன்சர்' வேலை கிடைத்த பூரிப்பு! டோர்மேன் வேறு, பவுன்சர் வேறு அக்கா. தலைப்பாகையும் மீசையுமாகக் கார்க் கதவைத் திறந்து சலாம் வைப்பவர் டோர்மேன். குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவரை வெளியே கொண்டுபோய் விடுபவர் பவுன்சர். கால் கடுக்க நிற்பது இருவருக்கும் உண்டு. அடி விழுவது பெரும்பாலும் இவருக்குத்தான். தற்காப்பை மீறித் திருப்பி அடித்தாலோ, வழக்கும் இவர் மேல்தான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பிள்ளையும் இந்த வேலைக்குப் போகிறானா? ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு 2005-ஆம் வருஷத் தனியார் பாதுகாப்புச் சட்டப்படி லைசென்ஸ் இருக்கிறதா, பயிற்சி கொடுத்தார்களா என்று கேளுங்கள். அக்காவும் அன்றிரவே கேட்டாராம்.

"நெஞ்சளவுதாம்மா பாத்தாங்க!" என்றானாம் பையன்.