அப்புக்காத்தரின் போர்

லலித் அத்துலத்முதலியின் பெயர் எழும்போதெல்லாம், "அவர் படித்த மனிதர் அல்லவா! உயிரோடிருந்தால் இப்பிரச்சினையைத் தீர்த்திருப்பார்" என்று பெருமூச்செறிவோர் யாழ்ப்பாணத்து ஆசிரியர் அறைகளில் இன்னும் உளர். பிள்ளையை அப்புக்காத்தாகவோ டாக்குத்தராகவோ ஆக்குவதே பிறவிப் பயன் எனக் கருதிய சமுதாயம் நம்முடையது. ஆதலால் இப்பெருமூச்சு வியப்பன்று. ஆயினும் அது வரலாற்றைப் பொய்யாக்குகிறது.

அவரது கல்வியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 1958இல் ஒக்ஸ்போட் விவாத மன்றத்தின் தலைவர், பாரிஸ்டர், ஹாவாட்டிலும் பயின்று, சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்திற் சட்டம் போதித்தவர். 1977இல் பாராளுமன்றம் புகுந்து வர்த்தக அமைச்சரானார். 1981இல் அவர் நிறுவிய மகாபொல நிதியத்தால் வறிய மாணவர் பலர் பயன்பெற்றனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவரும் பெற்றனர். இதை மறைப்பது நேர்மையன்று.

1984இல் அவர் தேசிய பாதுகாப்பு அமைச்சரானார். அங்கே அந்தச் சட்டக் கல்வி என் செய்தது என்பதே நமது வினா.

பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்கிறது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. அடிக்கும் கை எதையும் ஒப்புக்கொள்ள வைக்கும் என்பதை வெள்ளைக்காரனே அறிந்திருந்தான். 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச்சட்டம் இதைத் தலைகீழாக்கிற்று. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் முன் கொடுத்த வாக்குமூலம் போதும். அது வற்புறுத்திப் பெறப்பட்டது என நிறுவும் சுமை அடிபட்டவன் தலையில். அமைச்சரின் கையெழுத்தால் மும்மூன்று மாதமாக 18 மாதம் வரை ஒருவனை அடைத்து வைக்கலாம். மூன்றாண்டுக்கெனக் கொணர்ந்த அச்சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. இரு தடவையும் இச்சட்ட விரிவுரையாளர் அமைச்சரவையில் வீற்றிருந்தார். அறியாமல் நிகழ்ந்தது என்று சொல்லும் வாய்ப்பைப் படிப்பறியாத அமைச்சருக்கு விட்டுவிடுவோம்.

1984 செப்ரெம்பரில் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் நூலகமும் ஆய்வுகூடங்களும் பாதுகாப்புப் படையினரால் எரியுண்டன. புலமைப்பரிசில் தந்த கையின் கீழ்தான் அப்படை இருந்தது. 1987 தை மாதம் குடாநாட்டுக்கு எரிபொருள் தடை; மே 26இல் வடமராட்சி மீது படையெடுப்பு. அவ்வூர் இளைஞர் பெருந்தொகையாகக் கைதாகி, கப்பலேற்றப்பட்டு, காலிக்கு அருகேயுள்ள பூசா முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களைப் பெற்ற தாய்மாருக்கு ஒக்ஸ்போட் எத்திசையில் உள்ளதென்று தெரியாது.

"மறுபக்கம் மட்டும் சுத்தமோ?" என வினவலாம். இல்லை. 1985இல் அனுராதபுரத்திற் சிங்களப் பொதுமக்களைச் சுட்டு வீழ்த்தியதை நாம் ஒருபோதும் நியாயப்படுத்தோம். ஆனால் அதைச் செய்தவர்களை யாரும் சட்ட மேதைகள் எனப் போற்றவில்லை.

1991இல், பிரேமதாசா மீதான குற்றப் பிரேரணையில் முன்னின்று, ஒருவர் கையில் அதிகாரம் குவிந்ததை அவர் கண்டித்தார். அக்குவிப்பை வடக்கு அதற்கு வெகு முன்பே தன் உடம்பில் அறிந்திருந்தது. 1993 ஏப்ரல் 23ஆம் நாள் கிருலப்பனைக் கூட்டமேடையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலையில் நமக்கு மகிழ்ச்சி இல்லை.

சட்டம் அவருக்குப் பின்னும் வாழ்ந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 18 மாதத்தை 12 மாதமாக்கிற்று. வாக்குமூலம் பற்றிய 16ஆம் பிரிவை அது நீக்கவில்லை.