ஓட்ஸ் குக்கீயும் ஒரு கூலிக் கணக்கும்

எங்கள் குழுத் தோழி ஒருவர் நியூ ஜெர்சியில் வசிக்கிறார். அவருடைய மகன் படிக்கும் பள்ளியில் நூலகத்துக்குப் புத்தகங்கள் வாங்கும்பொருட்டுத் தின்பண்ட விற்பனை ஒன்றை நடத்தினார்கள். தோழி முந்தைய இரவு ஓட்ஸும் உலர்திராட்சையும் சேர்த்து நான்கு டஜன் குக்கீகள் சுட்டு, ஆறவைத்து, டப்பாவில் அடுக்கி எடுத்துப்போனார். வாசலில் நின்றவர் மிகுந்த பணிவோடு அவற்றை மறுத்தார். வீட்டில் செய்தவற்றை ஏற்பதில்லையாம். கடையில் வாங்கி, உறை பிரிக்காமல் தருபவற்றை மட்டுமே ஏற்பார்களாம். தோழி பக்கத்துக் கடைக்குப் போய் அதே வகைக் குக்கீயில் ஒரு பொட்டலம் வாங்கிவந்து கொடுத்தார். மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பொட்டலத்தின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்த வாசகம்: 'வீட்டில் செய்த சுவை'.

அந்த வாசகத்தோடுதான் எங்களுக்குச் சண்டை. இலக்கியம் பேச வந்த இடத்தில் பலகாரப் பேச்சு எதற்கு என்று முகம் சுளிக்கும் வாசகருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறோம். ஒரு சொல் யாருக்குச் சொந்தமாக இருந்தது, யார் கைக்குப் போயிற்று என்று கவனிப்பது இலக்கிய வாசகனின் வேலைதான். 'வீட்டில் செய்தது' என்ற சொல் சந்தையில் நல்ல விலைக்குப் போகிறது. வீட்டில் செய்தவருக்கோ விலையில்லை, சமயத்தில் வாசலுக்குள் இடமும் இல்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வீட்டுக் குக்கீ என்று உருகுகிறீர்களே, அதன் செய்முறை எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியில், ஓட்ஸ் இங்கிலாந்தில் குதிரைகளுக்கும் ஸ்காட்லாந்தில் மனிதர்களுக்கும் உணவாகும் தானியம் என்று கேலி செய்தார். அமெரிக்காவிலும் இத்தானியத்தைப் பரவலாக அடுக்களைக்குள் கொண்டுவந்தவர்கள் பாட்டிமார் அல்லர், ஆலைக்காரர்கள். ஜெர்மனியிலிருந்து வந்து ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் மளிகைக் கடை வைத்திருந்த ஃபெர்டினாண்ட் ஷூமாக்கர் 1850களில் ஓட்ஸை அரைத்து விற்கத் தொடங்கினார். 1877இல் அதே மாநிலத்தின் ராவென்னா நகரிலிருந்த ஓர் ஆலை, குவேக்கர் என்ற பெயரைத் தன் வணிக முத்திரையாகப் பதிவுசெய்தது. குவேக்கர் சமயத்தாருக்கும் அந்த ஆலைக்கும் எவ்வித உறவுமில்லை. நேர்மைக்குப் பேர்போனவர்களின் உருவம் டப்பாவுக்கு நன்மை செய்யும் என்ற கணக்கு மட்டுமே இருந்தது. பாஸ்டன் சமையற்பள்ளியின் ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட நூலிலேயே ஓட்ஸ் குக்கீ இடம்பெற்றுவிட்டது என்றாலும், அதை வீடுதோறும் கொண்டுசேர்த்தது டப்பாவின் மீது அச்சிட்ட செய்முறைதான். பல குடும்பங்களில் பாட்டியின் ரகசியம் என்று பொத்திப் பாதுகாக்கப்படுவது அந்த மூடியின் வாசகமே. அந்த நிறுவனத்தையும் 2001இல் பெப்சிகோ வாங்கிவிட்டது.

இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறோம். அதனால் எங்கள் வழக்கு தோற்றுவிடவில்லை. செய்முறை அச்சிட்ட அட்டை யாருடையதாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். சுட்ட கை யாருடையது?

பழைய மூடிகளில் இருந்த கணக்கு இது: ஒரு கப் வெண்ணெய், ஒரு கப் பழுப்புச் சர்க்கரை, அரை கப் வெள்ளைச் சர்க்கரை, இரண்டு முட்டை, ஒன்றரைக் கப் மைதா, மூன்று கப் ஓட்ஸ், ஒரு கப் உலர்திராட்சை, இவற்றோடு அளவாகச் சமையல் சோடா, பட்டைத்தூள், உப்பு, வெனிலா. 350 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் 10 முதல் 12 நிமிடம் சுட்டால் ஏறத்தாழ 48 குக்கீகள் கிடைக்கும். இதை வாசிக்கத் தெரிந்த எவரும் நல்ல குக்கீ சுட்டுவிடலாம் என்று எண்ணுபவர், ஒருமுறை சுட்டுப் பார்த்துவிட்டு எங்களிடம் வாதாட வரட்டும்.

வெண்ணெய், விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் இளக்கத்தில் இருக்க வேண்டும். உருகிவிட்டதென்றால் குக்கீகள் தட்டில் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழுப்புச் சர்க்கரையிலுள்ள பாகுதான் ஈரத்தைப் பிடித்துவைத்து நடுப்பகுதியை மென்மையாக்குகிறது; அதன் இலேசான புளிப்பே சோடாவையும் தூண்டுகிறது. சர்க்கரைதானே என்று முழுவதும் வெள்ளையாகப் போட்டவருக்கு மொறுமொறுவென்ற சில்லுதான் மிஞ்சும். உலர்திராட்சை நாட்பட்டு வறண்டிருந்தால் மாவின் ஈரத்தையே குடித்துவிடும். ஆகவே பத்து நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து, துணியில் ஒற்றிய பின்பே சேர்க்க வேண்டும். ஓட்ஸிலும் வகையுண்டு. அவல்போல் தட்டையாக உருட்டியது உகந்தது. 1922இல் சந்தைக்கு வந்த விரைவில் வேகும் வகை, மெல்லியதாகவும் துண்டாகவும் இருப்பதால் பல்லில் படாமல் கரைந்துபோகிறது. குருணைபோல் வெட்டியதோ அந்தப் பத்து நிமிடத்தில் வேகாமல் கல்லாய் நிற்கிறது. கலந்த மாவை அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் ஓட்ஸ் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், வெண்ணெயும் இறுகும்.

எல்லாவற்றினும் கடினமானது தட்டை வெளியே எடுக்கும் தருணம். ஓரம் பொன்னிறமாகி, நடுப்பகுதி இன்னும் வேகாததுபோலத் தோன்றும்போதே எடுத்துவிட வேண்டும். மிச்சத்தைச் சூடான தட்டு பார்த்துக்கொள்ளும். நடுவும் வெந்துவிட்டது என்று கண் சொல்லும்வரை காத்திருந்தவர், ஆறியபின் வறட்டியைத்தான் கடிக்க நேரும். ஒவ்வோர் ஓவனின் சூடும் ஒவ்வொரு மாதிரி. எனவே அந்தத் தருணத்தை எந்த மூடியிலும் அச்சிட முடியாது. கைப்பக்குவம் என்று தமிழில் நாம் சொல்வது இதைத்தான்.

மொறுமொறுப்பான ஓரமும் மென்மையான நடுவும் கொண்ட அந்தக் குக்கீ ஒரு நாளைக்கு மேல் அப்படியே இருப்பதில்லை. மூடிவைத்த டப்பாவுக்குள் நடுவிலுள்ள ஈரம் மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து இரண்டையும் ஒன்றுபோல் ஆக்கிவிடுகிறது. ஆலையிலிருந்து கிளம்பி மாதக்கணக்கில் அலமாரியில் இருந்தாக வேண்டிய பண்டத்துக்கு இந்தச் சுகம் வாய்க்காது. அது முழுக்க மொறுமொறுப்பாக இருக்கும், இல்லையேல் ஈரம்காக்கும் பொருள்கள் சேர்ந்து முழுக்க மெத்தென்று இருக்கும். ஆகவே 'வீட்டில் செய்த சுவை' என்பது, பொட்டலத்தில் அடைக்க இயலாத ஒன்றை அடைத்திருப்பதாகக் கூறும் பொய். ஆலைக் குக்கீ தன்னளவில் கெட்டதென்று நாங்கள் சொல்லவில்லை. தன் பெயரில் அது விற்றுப் பிழைக்கட்டும்.

இனி மருத்துவர் வேடம் போடுவோர். ஓட்ஸ் சேர்ந்திருப்பதால் இக்குக்கீ இதயத்துக்கு நல்லது என்றொரு பேச்சு உலவுகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் ஓட்ஸ் பொட்டலங்களில் ஒரு கூற்றை அச்சிட அனுமதித்தது உண்மை. நிறைகொழுப்புக் குறைந்த உணவுமுறையோடு நாளொன்றுக்கு 3 கிராம் கரையும் நார்ச்சத்தை ஓட்ஸிலிருந்து பெற்றால் இதயநோய் வாய்ப்புக் குறையலாம் என்பதே அக்கூற்று. அதற்கு ஏறத்தாழ 60 கிராம் ஓட்ஸ் வேண்டும். மூன்று கப் ஓட்ஸ் என்பது சுமார் 240 கிராம். 48 குக்கீகளாகப் பிரித்தால் ஒன்றுக்கு 5 கிராம். ஆக, நாளொன்றுக்கு 12 குக்கீகள் தின்ன வேண்டும். அவற்றோடு சுமார் 57 கிராம் வெண்ணெயும் 80 கிராம் சர்க்கரையும் உள்ளே போகும். இதைக் கண்டு அஞ்சியோ என்னவோ, வெண்ணெயை நீக்கி, சர்க்கரையை நீக்கி, வாழைப்பழத்தை மசித்துப் போட்டு அதற்கும் குக்கீ என்றே பெயர் சூட்டுகிறார்கள். பசித்தால் கஞ்சி குடிக்கலாம், நோயென்றால் மருந்துண்ணலாம். இனிப்பு இனிப்பாக இருப்பதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

இவர்களைவிட ஆபத்தானவர்கள் தாய்மையின் பேரில் உருகுவோர். 1992 மார்ச்சில், தம் வழக்கறிஞர் தொழில் குறித்த கேள்வியொன்றுக்கு விடையளித்த ஹிலரி கிளின்டன், வீட்டிலிருந்து குக்கீ சுட்டிருக்கலாம், ஆனால் தொழிலைத் தேர்ந்தேன் என்ற பொருள்படப் பேசினார். நாடே கொந்தளித்தது. விளைவாக 'ஃபேமிலி சர்க்கிள்' இதழ் இரு வேட்பாளர்களின் மனைவியரிடமும் குக்கீ செய்முறை வாங்கி அச்சிட்டு வாசகர்களை வாக்களிக்கச் சொன்னது. ஹிலரி தந்தது ஓட்ஸும் சாக்லேட்டும் சேர்ந்த குக்கீ. அதுவே பார்பரா புஷ்ஷின் சாக்லேட் குக்கீயை வென்றது. சட்டம் படித்து வழக்காடிய ஒரு பெண், தான் பெண்தான் என்பதை ஓட்ஸைக் கொண்டு மெய்ப்பிக்க வேண்டியிருந்தது! அப்போட்டி 2016வரை தேர்தல்தோறும் நடந்தது. அவ்வாண்டு வேட்பாளர் ஹிலரியே என்பதால், வேட்பாளரின் துணை என்ற இடத்தில் நின்றவர் அவருடைய கணவர். அதே பழைய செய்முறை இம்முறை கிளின்டன் குடும்பத்தின் பெயரில் வந்தது. முன்னாள் அதிபரிடம் அவருடைய கைப்பக்குவத்தைப் பற்றி எவரும் துருவவில்லை. இதழ் 2019இல் நின்றுபோயிற்று. அந்த மனப்போக்கு நின்றுவிட்டதாக எங்களுக்குத் தெரியவில்லை.

சரி, இவ்வளவு போற்றப்படும் அந்தத் தாய் தான் சுட்டதை விற்கப் புறப்பட்டால் என்ன நடந்தது? விஸ்கான்சின் மாநிலத்தில் வீட்டு ஓவனில் சுட்ட குக்கீயை விற்பது நெடுங்காலம் சட்டவிரோதம். பண்ணைப் பெண்கள் மூவர் வழக்குத் தொடுத்து, 2017இல் அத்தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்ற தீர்ப்பைப் பெற்றார்கள். நியூ ஜெர்சி இன்னும் பிந்தியது. 2021 அக்டோபரில்தான் அங்கே அனுமதி கிடைத்தது. இவ்விரு மாநிலங்களிலும் அறக்கொடைக்காக வீட்டில் சுட்டுத் தருவதற்கு முன்பே இடமிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதே ஓவன், அதே வெண்ணெய், அதே கை. இலவசமாகத் தந்தால் தியாகம், விலை வைத்தால் குற்றம். தூய்மை குறித்த அக்கறைதான் காரணமென்றால், இலவசக் குக்கீயில் மட்டும் கிருமி புகாதா?

பள்ளியின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. ஒவ்வாமை என்பது குழந்தைகளின் உயிரோடு தொடர்புடைய விஷயம். இந்தக் குக்கீயிலேயே கோதுமை, முட்டை, பால் மூன்றும் இருக்கின்றன. அதற்கு வழி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதி ஒட்டச் சொல்வது. நியூ ஜெர்சியின் 2021ஆம் ஆண்டு விதிகள் அதைத்தான் செய்கின்றன: வீட்டில் சுட்டு விற்பவர் உரிமம் பெற வேண்டும், சேர்மானங்களையும் ஒவ்வாமைப் பொருள்களையும் குறித்து ஒட்ட வேண்டும், ஆண்டு விற்பனை 50,000 டாலரைத் தாண்டக் கூடாது. அச்சிட்ட பட்டியலை நம்புவோம், தாய் தன் கையால் எழுதிய பட்டியலை நம்பமாட்டோம் என்பது ஒவ்வாமைக் கவலை ஆகாது. வேறேதோ ஒவ்வாமை.

கூலிக் கணக்கு அடுக்களையோடு முடிவதில்லை என்பதையும் அறிவோம். கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ வட்டாரத்தில் திராட்சைக் குலைகளைக் கையால் அறுத்து, கொடி வரிசைகளுக்கு இடையே விரித்த காகிதத்தில் வெயிலில் காயவைப்பது மரபு. நான்கு கிலோவுக்கு மேல் திராட்சை காய்ந்தால்தான் ஒரு கிலோ கிடைக்கும். சாக்லேட் என்று நம்பிக் கடித்தோம், திராட்சையாகிவிட்டது என்று இணையத்தில் புலம்பும் அன்பர்கள், அந்த வெயிலில் குனிந்து நின்றவரை ஒருகணம் நினைத்துக்கொண்டு மென்றால் நல்லது.

எங்கள் கோரிக்கை எளியது. இக்குக்கீயைச் செய்ய விரும்பும் எவரும் செய்யட்டும். ஆணோ பெண்ணோ, தாயோ தனியாளோ. விரும்பாதவர் வாங்கித் தின்னட்டும். அதில் குறையொன்றுமில்லை. ஆனால் செய்தவரின் உழைப்புக்கு அன்பு என்று பெயரிட்டுக் கூலியை மறுப்பதும், அதே அன்பைப் பொட்டலத்தில் அச்சிட்டுக் காசாக்குவதும் ஒருசேர நடப்பதை எங்களால் பொறுக்க முடியவில்லை.

மறுக்கப்பட்ட நான்கு டஜனையும் தோழி எங்கள் மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். செய்முறை அம்மாவுடையதா என்று ஒருவர் கேட்டார். டப்பா மூடியில் இருந்தது என்றார் தோழி. டப்பாவின் அருகே ஒரு தட்டை வைத்தோம்; பணம் சேர்ந்தது. அதைப் பள்ளி நூலகத்துக்கே அனுப்பப்போவதாகச் சொன்னார். பணத்தைப் பள்ளி மறுக்காது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. முதலில் வெண்ணெய்க்கும் மாவுக்கும், மூன்று மணிநேர உழைப்புக்கும் உரியதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றோம். தோழி கூச்சப்பட்டுச் சிரித்தார், எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கூச்சத்தை அவருக்குக் கற்பித்தவர்கள் யார் என்பதே எங்கள் கேள்வி.