பயிற்சி இருக்கட்டும்… அதிகாரம் எங்கே?

ஊராட்சித் தலைவர்களுக்குத் தலைமைப் பண்பு போதவில்லையாம். நிர்வாகம் தெரியவில்லையாம். அதனால ஒன்றிய ஊராட்சித் துறை அமைச்சகம் 2024-ல் இருந்து அவர்களை அகமதாபாத் ஐ.ஐ.எம். போன்ற மேலாண்மைக் கல்லூரிகளில் உட்கார வைத்து 5 நாள் பாடம் எடுக்கிறது.

எடுக்கட்டும். படிப்பை நாம என்னைக்கும் வேண்டாம்னு சொன்னதில்லை. ஆனா தோழர்களே, ஒரு கேள்வி. அஞ்சு நாள் படிச்சிட்டு ஊருக்குத் திரும்புற தலைவர் கையில என்ன இருக்கு?

இதைக் கொஞ்சம் விவரமாப் பார்ப்போம். பகிர்றதுக்கு முன்னாடி முழுசாப் படிங்க.

*சட்டம் என்ன சொல்லுது?*

73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. 11-வது அட்டவணையில் 29 துறைகள். குடிநீர், சாலை, சிறுபாசனம், ஆரம்பக் கல்வி, சுகாதாரம், பெண்கள் குழந்தைகள் நலன், பொது விநியோகம் எல்லாம் அதுல இருக்கு. ஒரு கிராமத்தோட வாழ்க்கையே அந்தப் பட்டியல்தான்.

ஆனா 243ஜி பிரிவைப் படிச்சுப் பாருங்க. மாநிலச் சட்டமன்றம் இந்த அதிகாரங்களை ஊராட்சிக்கு "வழங்கலாம்". "வழங்க வேண்டும்" இல்லை. அந்த ஒரு "லாம்"ல 30 வருஷத்துக்கு மேல தொங்கிட்டு இருக்கு இந்தியக் கிராமம்.

*தலைவர் கையில என்ன இருக்கு?*

பணம்: 15-வது நிதிக்குழு ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் என்று மேலேயே கட்டிப்போட்டு அனுப்பப்பட்டது. அவசியமான செலவுதான், மறுக்கல. ஆனா எந்த ஊருக்கு எது முதல்ல வேணும்னு டெல்லியில உட்கார்ந்து முடிவு செய்தால், ஊர்ல தலைவர் எதுக்கு?

ஆள்: உங்க ஊர் அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர், கிராமச் செவிலியர், வி.ஏ.ஓ. இவங்கள்ல யாராவது ஊராட்சித் தலைவருக்குக் கட்டுப்பட்டவங்களா? ஒவ்வொருத்தரும் அவங்கவங்க துறைக்குத்தான் பதில் சொல்றாங்க. அங்கன்வாடி பூட்டிக் கிடந்தா ஜனங்க வந்து நிக்கிறது தலைவர் வீட்டு வாசல்ல. அவரால என்ன செய்ய முடியும்? மனு எழுதலாம். நம்ம மாதிரியே.

பதவி: தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 205. ஓட்டுப் போட்டு மக்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரை மாவட்ட ஆட்சியர் பதவி நீக்கம் செய்யலாம். உறுப்பினர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்பாங்க. முடிவு ஆட்சியர் கையில். ஒரு எம்.எல்.ஏ.வை ஆட்சியர் நீக்க முடியுமா? யோசிச்சுப் பார்க்கவே சிரிப்பு வருது இல்ல? அப்ப ஊராட்சித் தலைவருக்கு விழுந்த ஓட்டு மட்டும் மட்டமான ஓட்டா?

*திறமை இல்லைன்னு சொல்றவங்களுக்கு*

மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி. கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமா வாங்கி, தன் தேவைக்குப் போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கே விற்ற ஊராட்சி. எந்த மேலாண்மைக் கல்லூரி அவங்களுக்குப் பாடம் எடுத்துச்சு?

கேரளாவில் 1996-ல் மக்கள் திட்ட இயக்கம். மாநிலத் திட்ட நிதியில் 35-லிருந்து 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று முதலில் பணத்தைக் கொடுத்தாங்க, திட்டம் போடும் பொறுப்பையும் சேர்த்தே கொடுத்தாங்க. பயிற்சியும் நடந்தது. ஆனா கையில் பணமும் பொறுப்பும் இருந்ததால்தான் அந்தப் பயிற்சிக்கு ஒரு அர்த்தம் இருந்தது. காரே இல்லாதவனுக்கு ஓட்டுநர் பயிற்சி கொடுத்து என்ன பிரயோஜனம்?

பெண் தலைவர்களைப் பத்தி இளக்காரமாப் பேசுறவங்களுக்கும் ஒரு தகவல். மேற்கு வங்கத்தில் பிர்பூம், ராஜஸ்தானில் உதய்பூர். இந்த இரண்டு மாவட்ட ஊராட்சிகளை ஆராய்ந்து ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்ளோவும் 2004-ல் ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீருக்குக் கூடுதலா வேலை நடந்திருந்தது. காரணம் சிம்பிள். குடம் தூக்குறவங்களுக்குத்தான் தண்ணியோட கஷ்டம் தெரியும். அந்த டுஃப்ளோதான் 2019-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

*நாற்காலிக்குக் கொடுத்த விலை*

மதுரை மாவட்டம் மேலவளவு. தனி ஊராட்சியானதும் தலைவராகத் தேர்வான முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று ஓடும் பேருந்தை மறித்துக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் 2006 வரை 10 வருஷம் ஒழுங்கா ஒரு தேர்தல் நடத்த முடியல. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படத்தை நாடே பார்த்தது.

இவங்களுக்கு இல்லாமப் போனது தலைமைப் பண்பா? அந்த நாற்காலியில் உட்காரத் துணிஞ்சதே பெரிய தலைமைப் பண்பு.

இன்னொன்னும் கவனிங்க. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். முறைகேட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு. ஆனா ஒடுக்கப்பட்ட சமூகத்துத் தலைவரை முடக்கணும்னு ஆதிக்க சாதித் துணைத் தலைவர் நினைச்சா, அருவா தேவையில்லை, பேனாவை மூடி வெச்சாலே போதும். தெருவிளக்கு எரியாது, குழாய்ல தண்ணி வராது. அப்புறம் "அவங்களுக்கு நிர்வாகம் தெரியலை"ன்னு ஊரே பேசும்.

*தேர்தலே இல்லைன்னா?*

5 வருஷம் முடியும் முன்னே தேர்தல் நடத்தணும் என்கிறது அரசியல் சட்டம் 243இ பிரிவு. இங்கே நடந்தது என்ன? 2016 அக்டோபரில் முடிஞ்ச பதவிக் காலத்துக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல், அதுவும் 27 மாவட்டங்களுக்கு மட்டும். தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இல்லைன்னு அந்தக் காலத்தில் ஒன்றிய மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது. அப்படித் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிஞ்சது. தேர்தல் வரல, தனி அலுவலர் வந்தார். ஆட்சி மாறியது, வழக்கம் மாறல.

தமிழ்நாட்டில் 12,500-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். ஒரு ஒன்றியத்துக்குச் சராசரியாக 32 ஊராட்சி. இத்தனைக்கும் வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் 32 ஊரின் குழாயடிச் சண்டையை அவரால் கேட்க முடியுமா?

*"ஊராட்சித் தலைவர்கள் ஊழல் பண்றாங்களே?"*

பண்றவங்க இருக்காங்க. பிடிங்க, தண்டிங்க, சமூகத் தணிக்கை செய்ங்க. ஆனா எம்.எல்.ஏ. ஊழல் செய்தார்னு யாரும் சட்டமன்றத்தின் அதிகாரத்தைக் குறைக்கச் சொல்றதில்லையே.

"மனைவி பேரில் கணவர் ஆட்சி நடத்துறாரே?" நடத்துறார். தமிழ்நாட்டில் பாதி இடம் பெண்களுக்கு. அந்த இடத்தில் கணவர் உட்கார்ந்தால் அது திருட்டு. நம்ம கட்சிக்காரர் வீட்டில் நடந்தாலும் திருட்டுதான். தோழர்களே, இதை முதல்ல நாம நம்ம ஊர்ல கேட்கணும்.

*நாம் கேட்பது*

1. உள்ளாட்சித் தேர்தல் 5 ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு நாள்கூடத் தள்ளாமல்.
2. 29 துறைகளும் அவற்றின் நிதியும் பணியாளர்களும் ஊராட்சியின் பொறுப்பில்.
3. பிரிவு 205-ல் ஆட்சியரின் நீக்கும் அதிகாரம் ரத்து. புகார்களை விசாரிக்கத் தனி நடுவம்.
4. காரணம் எழுதாமல் காசோலையில் கையெழுத்து மறுக்கும் துணைத் தலைவர் மீது காலக்கெடுவோடு நடவடிக்கை.

*நீங்க செய்ய வேண்டியது*

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறும் கிராம சபை நாட்கள். அடுத்து வர்ற நாளைக் குறிச்சு வைங்க. நோட்டுல கையெழுத்தை மட்டும் போட்டுட்டுத் திரும்பாதீங்க. உட்காருங்க. வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்க. மேலே சொன்ன நாலு கோரிக்கையையும் தீர்மானமா எழுதச் சொல்லுங்க, நகல் கேட்டு வாங்குங்க. வாங்கின நகலைப் படம் எடுத்து இங்கே கமெண்ட்டில் போடுங்க.

பாடம் எடுக்க வேண்டியது ஊராட்சித் தலைவருக்கு இல்லை. அதிகாரத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு விடாதவங்களுக்கு. அந்தப் பாடத்தை நாம எடுப்போம், கிராம சபையில்.

#அதிகாரத்தைக்_கொடு
#உள்ளாட்சித்_தேர்தல்_எப்போது
#கிராமசபைக்குப்_போவோம்