அரசு விடுதி யாருக்காக?

"அரசாங்கத்துக்கு எதற்கையா ஓட்டல் நடத்துகிற வேலை?" என்று கேட்பது இன்று ஒரு நாகரிகமாகிவிட்டது. ஆளவந்தார்கள் கேட்கின்றனர், முதலாளிப் பத்திரிகைகள் கேட்கின்றன, நம்மவரிலும் சிலர், பெங்களூரில் நாலு காசு பார்த்ததும், அதையே கிளிப்பிள்ளை போல் ஒப்பிக்கின்றனர். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாரிகுப்பத்துத் தமிழனுக்கு எல்லோரையும்விட அதிக உரிமை உண்டு. "அரசாங்கத்துக்கு எதற்குச் சுரங்கம்?" என்று கேட்டுத்தானே அவன் வயிற்றில் அடித்தார்கள்?

நடந்ததைப் பாருங்கள். இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1966ல் பிறந்தது. 1971ல் தமிழ்நாட்டிலும் அன்றைய மைசூர் மாநிலத்திலும் மாநிலக் கழகங்கள் தோன்றின. 'ஓட்டல் தமிழ்நாடு' என்றும் 'மயூரா' என்றும் போர்டுகள் எழுந்தன. தனியார் முதல் போடத் தயங்கிய சிற்றூர்களிலும் கோயிலூர்களிலும் அரசுதான் அறை கட்டியது. பிறகு என்ன? 2001லும் 2002லும் மதுரை அசோக், ஹாசன் அசோக், மாமல்லபுரம் டெம்பிள் பே எல்லாம் விற்கப்பட்டன. பெங்களூர் அசோக் நீண்ட காலக் குத்தகைக்குப் போயிற்று. அதே 2001ல், பிப்ரவரி 28ஆம் நாள், பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் தெருவில் நின்றனர். இரண்டுக்கும் சொன்ன காரணம் ஒன்றே: நட்டம்!

அரசு விடுதியில் குறையே இல்லையா என்று கேட்கலாம். ஏராளமாக உண்டு. தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் அப்படிப்பட்ட விடுதியில் இரண்டு இரவு தங்கியவன் நான். குழாயைத் திருகினால் காற்று வந்தது. தலையணை உறையில் முன்பு படுத்தவரின் எண்ணெய்க் கறை. சொல்லப் போனால், மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். மாலை வரை சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் கவுண்டரில் கேட்டது பெயரும் விலாசமும்தான். சுவரில் வாடகைப் பட்டியல் மாட்டியிருந்தது. அதற்கு மேல் ஒரு காசு வாங்கவில்லை. சில தனியார் லாட்ஜுகளில் "எந்த ஊர்?" என்பதோடு நிற்பதில்லை, "ஊரில் எந்தத் தெரு?" என்றும் கேட்கிறார்கள். அந்த இரண்டாவது கேள்வி எதற்கென்று நமக்கா தெரியாது? அந்தக் கேள்விக்குத் தப்பித்தானே நம் பாட்டன்மார் வட ஆற்காட்டை விட்டுத் தங்கவயலுக்கு வந்தார்கள்!

ஆகவே குழாய் ஒழுகினால் குழாயை மாற்று. மேனேஜர் தூங்கினால் மேனேஜரை மாற்று. கட்டடத்தையே முதலாளிக்கு எழுதிக் கொடுப்பது என்ன வைத்தியம்?

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். போர்டில் 'அரசு' என்று எழுதிவிட்டால் போதாது. அசோக் விடுதியில் நம் மேஸ்திரியா தங்கினான்? சோஷலிச கியூபாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சோவியத் ஒன்றியம் சரிந்தபின் அன்னியச் செலாவணிக்காகச் சுற்றுலாவை வளர்த்தார்கள். அங்கே பயணிகளுக்கான ஓட்டல்களில் சொந்த நாட்டுக் குடிமகன் அறை எடுக்க முடியாதென்ற தடை 2008 வரை இருந்தது. கட்டியவன் கியூபாத் தொழிலாளி, படுத்தவன் வெளிநாட்டான்! தடை நீங்கிய பிறகும் வாடகை அவன் சம்பளத்துக்கு எட்டவில்லை. வாசலைத் திறந்தவர்கள் வாடகையைக் குறைக்கவில்லை.

இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. துரைக்குப் பங்களா, கிளப்; நமக்கு லைன் வீடு. 1902ல் சிவசமுத்திரத்து மின்சாரம் வந்தது, சுரங்கத்தின் யந்திரங்களுக்காக. 1956ல் சுரங்கம் அரசுடைமையாயிற்று. பங்களாவில் ஆள் மாறினான், லைன் மாறவில்லை.

இப்போது 'சுற்றுலா' என்ற சொல் தங்கவயலிலும் அடிபடுகிறது. 2018லும் 2022லும் நம் ஊர்ப் பெயரில் சினிமா வந்தபின் சயனைடு மேட்டைப் பார்க்க ஆள் வருகிறது. வரட்டும். ஆனால் விடுதி என்று ஒன்று எழுந்தால் அது யாருக்கு? மூச்சில் கல்தூசி ஏறிச் செத்த தகப்பன் கல்லறைக்குப் பூப்போட வருகிற மகனுக்கா? மண்மேட்டின் முன்னால் படம் பிடித்துக்கொண்டு போகிறவனுக்கு மட்டுமா?

சங்கம் கேட்க வேண்டியது நாலே நாலு. தங்கவயலில் அரசு விடுதி வந்தால், கூலிக்காரன் கொடுக்கக்கூடிய வாடகையில் பொதுக்கூடப் படுக்கைகள் வேண்டும். வேலையில் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்துக்கு முதலிடம் வேண்டும். கன்னடத்தோடு தமிழிலும் வாடகைப் பட்டியல் மாட்ட வேண்டும். நாளைக்கு நட்டக் கணக்குக் காட்டித் தனியாருக்குத் தாரைவார்ப்பதில்லை என்று எழுத்தில் உறுதி வேண்டும்.

1930ல் கைரேகைப் பதிவை எதிர்த்துச் சுரங்கத்தையே நிறுத்திய கூட்டம் நாம். அன்று கேட்டது மானம். இன்று கேட்பதும் அதுவே. கிளைச் சங்கங்கள் இம்மாதமே தீர்மானம் போட்டு மனு அனுப்பட்டும். விடியுமுன்னே மாரிகுப்பம் ரயிலேறிப் பெங்களூருக்கு உழைக்கப் போகிற ஒவ்வொருவரும் அதில் கையெழுத்திடட்டும். பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் இறங்கியவனின் பிள்ளைக்குப் பூமிக்கு மேலே ஒரு கட்டில் கேட்பது பிச்சையல்ல, பாக்கி!