வெல்ட்டர் எடையில் தலைசிறந்தார் யார்?

குத்துச்சண்டை வல்லுநரை வரிசைப்படுத்த முற்படுவோர் பெரும்பாலும் மூன்று கணக்குகளையே நாடுகின்றனர். ஒருவர் எத்தனை பட்டம் பெற்றார், எத்தனை முறை வென்றார், எத்தனை முறை தோற்றார் என்பனவே அவை. எளிதிற் கிடைக்கும் எண்கள். கூட்டிப் பார்ப்பதற்கு ஆராய்ச்சியும் வேண்டுவதில்லை. எனினும், வெல்ட்டர் எடைப் பிரிவின் வரலாற்றைச் சற்றுப் பொறுமையுடன் பயில்வார்க்கு இக்கணக்குகள் மூன்றும் கோடிய துலாக்கோல்கள் என்பது தெற்றென விளங்கும். ஆதலின் யாம் வேறோர் அளவுகோல் கொண்டு அவ்வல்லுநருள் முதல் நால்வரைத் தெரிந்தெடுத்து, அதற்குரிய காரணங்களையும் இச்சிறு கட்டுரையிற் கூறத் துணிகின்றோம். மாறுபடுவோர் மாறுபடுக, அவர்தம் மறுப்பை அடுத்த ஆண்டு மலரில் ஆவலுடன் எதிர்பார்ப்போம்.

வெல்ட்டர் எடை என்பது 147 ராத்தலுக்கு மேற்படாத எடை. கிலோக் கணக்கில் ஏறத்தாழ 66.7. பருத்த உடலினர் அல்லர். தெருவில் எதிர்ப்பட்டால் ஒருவரும் திரும்பிப் பாரார். ஆயினும் எடை குறைந்தோரின் விரைவும், எடை மிகுந்தோரின் வன்மையும் ஒருங்கே கூடி நிற்பது இவ்வெல்லையிலேதான். இதனாலன்றோ குத்துச்சண்டையின் நுட்பங்களை விரும்புவோர் பலரும் இப்பிரிவையே பெரிதும் போற்றுகின்றனர்.

எமது அளவுகோல் யாதெனின், ஒருவர் யாரை எதிர்த்தார், அவ்வெதிரி அப்போது எந்நிலையில் இருந்தார் என்பதே. எளிய வினாத்தாளைத் தேடித் தேடி எழுதி நூற்றுக்கு நூறு பெறும் மாணாக்கனையும், கடினமான தாளை விரும்பி ஏற்று எழுபது பெறும் மாணாக்கனையும் ஆசிரியர் எவரும் ஒன்றாக மதிப்பதில்லை. குத்துச்சண்டை மேடையில் மட்டும் நாம் ஏன் நூற்றுக்கு நூறு கண்டு மயங்குதல் வேண்டும்?

இக்காலத்தில் தோல்வியே காணாமையைப் பெரும் பேறாகக் கருதும் வழக்கம் மிகுந்துவிட்டது. ஃபிளாய்ட் மேவெதர் தாம் பொருத 50 போட்டிகளிலும் தோல்வி கண்டிலர். அவருடைய காக்கும் திறனை யாமும் வியக்கின்றோம். அவரைத் தெளிவாக அடிப்பதே எதிரிக்குப் பெரும்பாடு. ஆயின், மேனி பக்கியாவோவுடன் அவர் பொருதற்கான பேச்சு 2009-ஆம் ஆண்டின் இறுதியிலேயே எழுந்து முறிந்தது. அப்போர் நிகழ்ந்ததோ 2015 மே 2-ஆம் நாள். அன்று மேவெதருக்கு வயது 38, பக்கியாவோவுக்கு 36. முறிவுக்குக் காரணம் யாராயினும் ஆகுக. இருவரும் தத்தம் உச்சியில் நின்ற காலத்துப் போரை உலகம் காணவில்லை. காணாத போருக்கு யாம் மதிப்பெண் இடுமாறு எங்ஙனம்?

இவ்வழக்கத்திற்கு நேர்மாறானவர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங். தொழில் முறையில் தாம் ஏறிய முதல் மேடையிலேயே அவர் தோற்றார். பிற்றைநாளில் அவர் செய்தவற்றை நோக்குமின். 1937 அக்டோபரில் ஃபெதர் எடைப் பட்டத்தை வென்றார். 1938 மே 31-இல் வெல்ட்டர் எடைப் பட்டத்தை வென்றார். அவ்வாண்டு ஆகஸ்ட் 17-இல் அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட லைட் எடைப் பட்டத்தையும் வென்றார். எட்டே எடைப் பிரிவுகள் இருந்த காலத்தில் அவற்றுள் மூன்றன் பட்டங்களை ஒருங்கே தாங்கி நின்றார். வெல்ட்டர் பட்டத்திற்குப் பொருதற்கு அவருடைய உடல் எடை போதாமையால், எடை பார்க்குமுன் வயிறு நிறையத் தண்ணீர் பருகினார் என்பர். பெரும்பாலோர் எடையைக் குறைக்க நீர் விடுக்கும் துறையில் இவர் எடையைக் கூட்ட நீர் குடித்தது வேடிக்கையே.

அன்று அவருக்குத் தோற்ற பார்னி ராஸைப் பற்றியும் இரண்டொரு சொல் கூறாது செல்ல எமக்கு மனம் வரவில்லை. சிக்காகோ நகரில் சிறு மளிகைக்கடை வைத்திருந்த யூத அறிஞரொருவரின் மகன் ராஸ். கொள்ளையர் தந்தையைச் சுட்டுக் கொல்ல, யூத நெறி பயிற்றும் ஆசிரியராதல் வேண்டும் என்றிருந்த சிறுவர் குத்துச்சண்டை மேடைக்கு வந்து சேர்ந்தார். ஆம்ஸ்ட்ராங்கின் அடிமழையில் முகம் சிதைந்தும், போரை நிறுத்துதற்கு உடன்படாமல், பதினைந்து சுற்றும் நின்றே தோற்றார். அதன்பின் அவர் போட்டி மேடை ஏறியதில்லை. இரண்டாம் உலகப்போரில் குவாடல்கனால் தீவில் வீரம் காட்டி விருது பெற்றவரும் இவரே. இத்தகைய ஒருவரை வென்றதுதான் வெற்றி. கணக்கேட்டில் அது 'ஒன்று' என்றே பதிவாகியிருக்கிறது.

எனினும் ஆம்ஸ்ட்ராங்கின் கணக்கையும் யாம் ஆராயாது ஏற்பதற்கில்லை. 1939 அக்டோபர் மாதம் ஒன்றிலேயே ஐந்து முறை அவர் தம் பட்டத்தைக் காத்தார் என்பது கேட்போரைத் திகைக்கச் செய்யும் செய்தி. ஆனால் அவ்வைவரும் முதல் தரத்தினர் அல்லர். அவருடைய உடல் வன்மைக்கு அம்மாதம் சான்று. கலைத் திறத்திற்குச் சான்று ராஸும், லூ ஆம்பர்ஸும், ஸெஃபெரினோ கார்ஸியாவுமே. தம்மினும் கனத்த கார்ஸியாவின் மிடில் எடைப் பட்டத்தையும் விழைந்து 1940 மார்ச்சில் பொருது சமநிலை கண்டார். நான்காம் பட்டம் மயிரிழையில் தப்பியது.

1940 அக்டோபர் 4-ஆம் நாள் இரவு, நியூயார்க்கு மாடிசன் ஸ்குவேர் கார்டனில் ஃபிரிட்ஸி ஸிவிக் என்பவர் ஆம்ஸ்ட்ராங்கை வென்று வெல்ட்டர் பட்டத்தைக் கைக்கொண்டார். அதே இரவில், அதே மேடையில், முன்னிகழ்ச்சியாக நடந்த சிறு போட்டியொன்றில் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் தொழில் முறையில் முதன்முதல் கையுறை அணிந்து இரண்டே சுற்றில் வென்றார். இயற்பெயர் வாக்கர் ஸ்மித். சிறு பிராயத்திற் பிறரொருவரின் சீட்டைக் கொண்டு மேடையேறியமையால் அப்பிறரின் பெயரே இவர்க்கு நிலைத்துவிட்டது. அவரே ஷுகர் ரே ராபின்ஸன். ஒரு ஞாயிறு சாய, ஒரு ஞாயிறு எழுந்த அவ்விரவைக் கண்டோர் எத்துணைப் பேறு பெற்றோர்!

ராபின்ஸனையே யாம் முதலிடத்தில் வைக்கின்றோம். பட்டக் கணக்கின்படி பார்ப்பின் அவர்க்கு அவ்விடம் கிட்டாது. வெல்ட்டர் பட்டம் அவர் கைக்கு எட்டியது 1946 டிசம்பர் 20-ஆம் நாளே. அதன்பின் அதனை அவர் காத்த போட்டிகள் ஐந்து. ஆம்ஸ்ட்ராங்கின் கணக்கிற் பாதியும் இல்லை. ஆனால் பட்டம் பெறுமுன்னரே அவர் என்ன செய்தார்? ஆம்ஸ்ட்ராங்கை வீழ்த்திய ஸிவிக்கை 1941-இலும் 1942-இலும் வென்றார். பிற்பாடு 1946-இல் பட்டம் பெற்ற மார்ட்டி செர்வோவை அவ்விரு ஆண்டுகளிலேயே இருமுறை வென்றிருந்தார். 1943-இல் ஜேக் லமோட்டா அவரை வென்றது உண்மை. லமோட்டாவோ மிடில் எடையினர், ராபின்ஸனினும் பல ராத்தல் கனத்தவர். அவரையும் ராபின்ஸன் ஆறு போர்களில் ஐந்தில் வென்றார். 1951 ஜூலையில் ராண்டால்ஃப் டர்ப்பினிடம் தோற்கும்வரை, பத்தாண்டிற்கு மேற்பட்ட காலத்தில், அவர் கண்ட தோல்வி அவ்வொன்றே. இவரைப் பட்டத்திற்கு வெளியே அத்துணை ஆண்டுகள் நிறுத்தியது யாது? போரால் பட்டப் போட்டிகள் தடைப்பட்டமை ஒரு காரணம். திரைமறைவில் நின்று சண்டை வியாபாரத்தை ஆண்ட கூட்டத்தார்க்கு அவர் இணங்காமை மற்றொன்று என்பர். இரண்டும் அவருடைய கையின் குறை அல்ல.

1943-இல் ராபின்ஸன் ஆம்ஸ்ட்ராங்கையே பத்துச் சுற்றில் வென்றார் என்பதைச் சிலர் முடிந்த முடிபாகக் காட்டுவர். யாம் அதனைச் சான்றாகக் கொள்ளோம். அன்று ஆம்ஸ்ட்ராங் தேய்பிறை.

இவ்விடத்து ஒன்றை மறைத்தல் தகாது. 1947 ஜூன் 24-இல் கிளீவ்லண்டு நகரில் ராபின்ஸனோடு பொருத ஜிம்மி டாயில் என்னும் இளைஞர் எட்டாம் சுற்றில் வீழ்ந்து மறுநாள் இறந்தார். அவர் இறப்பதாக முன்னிரவில் கனாக் கண்டதாயும், போரைக் கைவிட விழைந்ததாயும் ராபின்ஸனே பின்னர்க் கூறியுள்ளார். 1962 மார்ச் 24-இல் எமில் கிரிஃபித் அடித்த அடியால் நினைவிழந்த பென்னி பாரெட் பத்து நாட்களில் உயிர் துறந்தார். வெல்ட்டர் பட்டத்திற்கான அப்போரைத் தொலைக்காட்சியில் கண்டோர் எண்ணற்றோர். அதன்பின் முழு வலிமையுடன் அடிக்கத் தமக்குக் கை எழவில்லை என்று கிரிஃபித் ஒப்புக்கொண்டார். வரிசையிடுவோர் அவர்தம் பிற்காலப் போர்களை எடுத்துக்காட்டி அவரைக் கீழிறக்குகின்றனர். யாமோ அம்மென்மையைக் குறையாக எழுதக் கூசுகின்றோம்.

மூன்றாம் இடம் ஷுகர் ரே லெனார்டுக்கு. வெல்ட்டர் எடையில் அவருடைய பெரும் போர்கள் மிகப் பல அல்ல; ஆனால் எதிரிகளின் பெயரைப் பாருங்கள்: 1979-இல் வில்ஃபிரட் பெனிட்டஸ், 1980-இல் இருமுறை ரொபர்ட்டோ டுரான், 1981-இல் தாமஸ் ஹெர்ன்ஸ். நால்வரும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒருவரையொருவர் ஒதுக்காமல் பொருதனர். டுரானிடம் மான்ட்ரியாலில் தோற்ற லெனார்டு ஐந்தே திங்களில் அவரையே மீண்டும் எதிர்த்து வென்றார். 1981 செப்டம்பர் 16-இல் ஹெர்ன்ஸுடன் நிகழ்ந்த போரில் பதின்மூன்றாம் சுற்று முடிந்தபோதும் நடுவர் மூவர் ஏட்டிலும் ஹெர்ன்ஸே முந்தியிருந்தார். லெனார்டின் இடக்கண் வீங்கி மூடும் நிலை. பதினான்காம் சுற்றில் அவர் கயிற்றோரம் ஹெர்ன்ஸை நெருக்கிப் போரை முடித்தார். 1982-இல் கொரிய வீரர் டுக் கூ கிம் இறந்ததன் பயனாகப் பட்டப் போட்டிகள் நாளடைவிற் பன்னிரண்டு சுற்றாகக் குறைந்தன. அவ்விதி அப்போருக்கு முன்னரே வந்திருப்பின் அப்போரின் வெற்றி ஹெர்ன்ஸினுடையது. காலந்தோறும் விதி மாறுகையில், வெறும் வெற்றி தோல்வி எண்களைப் பக்கத்திற் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார் இதனைச் சற்றே எண்ணுக.

பிறர் பலர் உளர். வெண்ணெய் என்று பட்டப்பெயர் பெற்ற, கியூபாவிற் பிறந்து மெக்சிகோவில் வாழ்ந்த ஹோஸே நாபோலெஸ். கரும்பு வெட்டும் அரிவாள் வீச்சையே அடியாக மாற்றிய கிட் காவிலான். ஒருவரோடொருவர் இருபது முறை பொருத ஜாக் பிரிட்டனும் டெட் 'கிட்' லூயிஸும். 2023-இல் எரல் ஸ்பென்ஸை ஒன்பது சுற்றுக்குள் ஒடுக்கிய டெரன்ஸ் கிராஃபர்டு. கிராஃபர்டின் அவ்வொரு வெற்றி மேவெதரின் பல வெற்றிகளினும் எமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஆனால் நான்காம் இடத்தை இவர்களுள் ஒருவர்க்கும் யாம் கொடுப்பதாயில்லை. அவ்விடம் உலகப் பட்டம் ஒன்றேனும் பெறாத சார்லி பர்லிக்கு உரியது. இதைக் கேட்டு நகைப்போர் நகைக்க. பிட்ஸ்பர்க்கு நகரத்துக் கருநிறத்தவரான பர்லி, ஸிவிக்கை முதலிற் பொருது தோற்றுப் பின் 1938-இலும் 1939-இலும் வென்றவர். அடுத்த ஆண்டு உலகப் பட்டம் பெற்றவரோ ஸிவிக்! தம்மை வென்ற பர்லியைப் பட்டத்திற்கு அழைத்தாரா? இல்லை. அழைக்க வேண்டும் என்று எவ்விதியும் இல்லை. வெல்லுதற்கு அரியவரும், வெல்லினும் வருவாய் தராதவருமான கருநிற வீரரை ஒதுக்குதல் அக்காலச் சண்டை வியாபாரத்தின் இயல்பு. 1944-இல், பின்னாளில் லைட் ஹெவி எடையில் உலகப் பட்டம் பெற்ற ஆர்ச்சி மூரை பர்லி பலமுறை தரையில் வீழ்த்தி வென்றார். தாம் எதிர்த்தவருள் மிகச் சிறந்தவர் பர்லியே என்று மூர் முதுமையிலும் சொல்லிவந்தார். ராபின்ஸனும் பர்லியும் ஒருபோதும் பொருதிலர்.

பட்டம் பெறாதவரை வரிசையில் வைப்பது முறையோ என வினவுவார்க்கு யாம் கூறும் விடை இது: பட்டத்தை மறுத்தது ஓர் அநீதி, மறுக்கப்பட்ட பட்டத்தைக் காட்டி இன்றும் அவரை விலக்குவது அவ்வநீதியை நம் கையால் மறுமுறை செய்வது. மேடையை விட்டிறங்கிய பர்லி பிட்ஸ்பர்க்கு நகராட்சியில் குப்பை அள்ளும் வேலை பார்த்தார். அவருடைய அண்டை வீட்டில் வளர்ந்த நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்ஸன் 'ஃபென்ஸஸ்' என்னும் நாடகத்தின் தலைவனைப் படைத்தற்கு அவரே தூண்டுகோல் என்பர். உலகக் குத்துச்சண்டைப் புகழ்மன்றம் 1992-இல் அவர் பெயரைச் சேர்த்தது. அவ்வாண்டு அக்டோபரில் அவர் காலமானார்.