சருமத்தில் தோன்றும் இரத்தப் புற்று: களிம்பு போதுமா?

லுக்கீமியா என்னும் இரத்தப் புற்று எலும்பு மஜ்ஜையில் உண்டாகும் நோய். எனினும் நோயுற்ற வெள்ளணுக்கள் சில சமயம் சருமத்தினுள் புகுந்து கட்டிகளாகவும் தடிப்புகளாகவும் வெளிப்படுகின்றன. மோனோசைட் இனத்தைச் சார்ந்த தீவிர மைலாய்டு லுக்கீமியாவில் இது அதிகம். ஈறு வீக்கமும் உடன் காணப்படுவதுண்டு. இக்கட்டிகள் பெரும்பாலும் வலிப்பதில்லை, அரிப்பதுமில்லை. சிவப்பு அல்லது ஊதா நிறமுடையவை என நூல்கள் கூறினும், நம்மவரின் மாநிற மேனியில் அவை கருமையாகவே தென்படலாம். ஆகவே நோயாளி களிம்பு தடவிக் காலம் போக்குகிறார்.

சருமத்தில் காணப்படுவதால் மட்டும் இது சருமநோய் ஆகிவிடாது. ஐயத்திற்குரிய கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியால் ஆராய்வதே முதற்பணி. மருந்து ஒவ்வாமையும் பூஞ்சைத் தொற்றும் இத்தகைய தோற்றத்தையே தருமாதலின், கண்ணால் கண்டு முடிவு கட்டுதல் தகாது. மஜ்ஜையில் நோய்க்குறி ஏதுமின்றிச் சருமத்தில் மட்டும் புற்றணுக்கள் முந்தித் தோன்றுவதும் அரிதாக உண்டு. அப்போதும் முழு உடலுக்குமான சிகிச்சையையே தொடங்க வேண்டுமென்பது எமது துணிபு. காத்திருப்பின், பெரும்பாலும் சில மாதங்களில் நோய் இரத்தத்திலும் வெளிப்பட்டுவிடும்.

மைலாய்டு வகைக்குச் சைட்டராபைன் 7 நாட்களும், அவற்றுள் முதல் 3 நாட்கள் டானோரூபிசினும் செலுத்தும் முறை 1970-களிலிருந்து வழங்கி வருகிறது. இதனைத் தாங்கவியலாத முதியோர்க்கு அசாசிட்டிடினும் வெனிட்டோகிளாக்சும் உள. 2020-இல் வெளியான ஆய்வில், அசாசிட்டிடின் மட்டும் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 9.6 மாதம், இரண்டும் பெற்றோர்க்கு 14.7 மாதம். தக்க நன்கொடையாளர் கிடைப்பின் மஜ்ஜை மாற்று சிகிச்சையையும் கருதலாம்.

கதிர்வீச்சைப் பற்றி ஒரு சொல். எலக்ட்ரான் கற்றை மேற்சருமத்தோடு நின்றுவிடும், மஜ்ஜையை எட்டாது. கட்டிகள் மறைந்ததைக் கண்டு குடும்பத்தார் மகிழ்ந்திருக்கையில், மஜ்ஜையிலிருந்து நோய் மீண்டும் சருமத்தை வந்தடையும். ஆதலின் தனித்த சிகிச்சையாக அதனை நம்புவது வீண். மருந்தால் மஜ்ஜை தூய்மையடைந்த பின்னும் சருமத்தில் எஞ்சி நிற்கும் கட்டிகளுக்கு அது பெருந்துணை. மருந்துகள் யாவும் பயனற்றுப்போன நோயாளிக்குக் கட்டி புண்ணாகி வலிக்குமாயின், நோய் தீராதெனினும் அவ்வலியைத் தணிக்கச் சில அமர்வுகள் கதிர்வீச்சு அளிப்பதில் தயக்கம் காட்டலாகாது.