மலையேற்றத்துக்கு இரண்டு எஞ்சின்

உள்ளத்தைப் பண்படுத்துவது சமயத்தின் வேலையா, உளநூலின் வேலையா? நம் சங்கத்து அன்பர்கள் சிலர் இவ்வினாவை நம்மிடம் அடிக்கடி எழுப்பி வருகின்றனர். இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்களில் நாள்தோறும் தலைகாட்டும் வினாவே ஆகும்.

ஒரு வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு உறக்கம் கெடுகிறது, உணவு செல்லவில்லை, யாரிடமும் பேச்சு இல்லை. பெற்றோர் என் செய்கின்றனர்? ஒரு சாரார் ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துச் செல்கின்றனர். அல்லது ஊருக்கு அனுப்பிக் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்கின்றனர். மற்றொரு சாரார், “சாமி என்ன செய்யும்? மாத்திரை வாங்கிக் கொடுங்கள்” என்று சொல்லி அத்துடன் நின்றுவிடுகின்றனர். இவ்விரு சாராரினும் பெரிய கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் ஒன்றும் செய்வதில்லை; வெளியே தெரிந்தால் தங்கையின் திருமணப் பேச்சுக் கெட்டுவிடும் என்று அஞ்சிக் கதவை அடைத்துக்கொள்கின்றனர். பத்தடி அறையில் ஆறு பேர் வாழும் சாலில் எதை மறைக்க முடியும்? மறைத்ததாக எண்ணிக்கொள்ளலாம், அவ்வளவே.

சமயமும் உளநூலும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்று வாழ்ந்து காட்டிய ஒருவர் நம் நகரத்திலேயே பிறந்தார். அவர் இயேசு சபைக் குருவான அந்தோணி தெ மெல்லோ. 1931ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயில் பிறந்து, பாந்திராவில் கல்வி கற்று, 1947இல் துறவு பூண்டு இயேசு சபையிற் சேர்ந்தார். தத்துவத்தை ஸ்பெயினின் பார்சிலோனா நகரிலும், உளநூலை அமெரிக்காவின் சிக்காகோ நகரிலும், ஆன்மிக இயலை ரோமாபுரியிலும் பயின்றார். கற்ற மூன்றையும் வெவ்வேறு பெட்டிகளில் பூட்டி வைக்காமல் ஒன்றாகக் குழைத்தது அவருடைய தனிச்சிறப்பு. 1970களின் தொடக்கத்தில் புனேயில் ‘சாதனா’ என்னும் பயிற்சி நிலையத்தை நிறுவினார். அது 1978இல் லோணாவளாவுக்கு இடம் பெயர்ந்தது.

லோணாவளாவை நம்மவருக்கு அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. சென்னைக்கும் தென்பாண்டி நாட்டுக்கும் செல்லும் வண்டிகள் பல, கர்ஜத்தில் நின்று, போர்காட் மலையேறி, அவ்வூர் வழியாகவே செல்கின்றன. கர்ஜத்தில் வடைக்காக இறங்குவோர் வண்டியின் வாலையும் ஒருமுறை நோக்கட்டும். அங்கே வேறு எஞ்சின்கள் பூட்டப்படுவதைக் காண்பார்கள். ரயில்வே ஊழியர் அவற்றைப் ‘பேங்கர்’ என்பர். 1863இல் திறக்கப்பட்ட அப்பாதையில் 37 அடிக்கு ஓரடி ஏற்றம் உண்டு. முன்னிற்கும் எஞ்சின் மட்டும் இழுத்தால் போதாது. பின்னிருந்தும் தள்ள வேண்டும். ஏற்றம் முடிந்தபின் பின் எஞ்சினைக் கழற்றிவிடுவர். வண்டி செல்லும் திசையோ முன்னும் பின்னும் ஒன்றுதான். சமயம் முன்னின்று இழுக்கிறது. உளநூல் பின்னின்று தள்ளுகிறது. சமவெளியில் ஓர் எஞ்சின் போதும். வாழ்வில் மலைப்பாதை வரும்போது, “ஒன்றே போதும்” என்று பிடிவாதம் செய்வோர் வண்டி பின்னோக்கி உருள இடம் தருகின்றனர்.

தெ மெல்லோ இக்கருத்தை வானத்திலிருந்து கொண்டுவரவில்லை. அவர் சபையைத் தோற்றுவித்த புனித இஞ்ஞாசியார் ஒரு போர்வீரர். 1521இல் பாம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டால் கால் நொறுங்கி, லொயோலாவில் உள்ள தம் இல்லத்தில் நெடுநாள் படுக்கையிற் கிடந்தார். அப்போது தம் எண்ணங்களையே உற்று நோக்கினார். வீரச் செயல்களையும் அரசவைப் பெருமைகளையும் எண்ணியபோது இனிமை தோன்றியது. ஆயின் சற்று நேரத்தில் உள்ளம் வறண்டது. புனிதர்களைப் போல் வாழ்வதை எண்ணியபோது தோன்றிய இனிமையோ நிலைத்து நின்றது. எண்ணத்தைப் பின்தொடரும் உணர்வைக் கொண்டு எண்ணத்தின் தரத்தை அறியலாம் என்று அவர் கண்டார். 1548இல் பாப்பரசரின் ஒப்புதல் பெற்ற அவருடைய ‘ஆன்மப் பயிற்சிகள்’ என்னும் நூலுக்கு இவ்வனுபவமே வித்து. லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளநூலுக்கென ஆய்வுக்கூடம் அமைத்தது 1879இல். அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு நோயாளி தம் படுக்கையையே ஆய்வுக்கூடம் ஆக்கிக்கொண்டார் எனலாம். அவருடைய தோழரான சவேரியார் 1542இல் இந்தியா வந்து நம் முத்துக்குளித்துறையில் நடமாடியதை, தூத்துக்குடியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் இங்குக் குடியேறியோர் நன்கறிவர்.

இவ்வடித்தளத்தின்மேல் தெ மெல்லோ எழுப்பிய கட்டடம் ‘சாதனா’ என்னும் பெயரால் 1978இல் நூலாக வந்தது. அதிற் கொள்கை விளக்கம் குறைவு, பயிற்சிகளே மிகுதி. முதலிற் சில நிமிடம் அசையாமல் அமர்ந்து அமைதியைக் கேட்கச் சொல்கிறார். பின்னர் உடலில் தோன்றும் உணர்ச்சிகளையும், மூக்கின் வழியே சென்று வரும் மூச்சையும் கவனிக்கச் சொல்கிறார். பௌத்த மரபின் விபாசனையிலிருந்து அவர் பெற்ற பயன் இங்குத் தெரிகிறது. அதன்பின் கற்பனைப் பயிற்சிகளும் பக்திப் பயிற்சிகளும் வருகின்றன. நமக்குத் தீங்கு செய்தவரை எதிரில் இருப்பதாகக் கற்பித்துக்கொண்டு, உள்ளக் கொதிப்பை ஒளிவின்றிக் கொட்டிவிட்டு, அதே நிகழ்ச்சியை அவருடைய கண்கொண்டு பார்க்குமாறு ஒரு பயிற்சியில் வழிகாட்டுகிறார். “மன்னித்துவிடு” என்று கட்டளையிடுவது எளிது. மன்னிக்கும் வழியைப் படிப்படியாகக் காட்டுவது அரிது. ஊரில் பங்காளியோடு நிலத் தகராறு. அவர் பெயரைக் கேட்டாலே இங்கு நமக்கு இரத்தம் கொதிக்கிறது. இத்தகைய கசப்பை ஆயிரம் மைல் சுமந்து வந்தவர் நம்மில் எத்தனை பேர்!

மற்றொரு பயிற்சியில், பக்கத்தில் உள்ள வெற்று நாற்காலியில் இயேசுபிரான் அமர்ந்திருப்பதாக எண்ணி அவரோடு உரையாடச் சொல்கிறார். ‘கெஸ்டால்ட்’ என்னும் உளமருத்துவ முறையைப் பரப்பிய பிரிட்ஸ் பெர்ல்ஸ் என்பாரும் வெற்று நாற்காலியைப் பயன்படுத்தினார். அங்கே நோயாளி தம் தந்தையோடோ, மனைவியோடோ, தம் மனத்தின் ஒரு பகுதியோடோ பேசுவார். நாற்காலி ஒன்றே, அமர்பவர் வேறு. சொல்லாமல் அடக்கி வைத்தது சொல்லாக வெளிவரும்போது சுமை குறைகிறது என்பதை மருத்துவரும் அறிவார், பூசையறையில் அழும் தாயும் அறிவாள்.

இவ்விணைப்பை எல்லாரும் ஏற்றுக்கொண்டனர் என்று நாம் எழுதினால் அது முழு உண்மை ஆகாது. தெ மெல்லோ 1987 ஜூன் 2ஆம் நாள் நியூயார்க் நகரில், 55ஆம் வயதில் காலமானார். பதினோராண்டு கழித்து, 1998இல், வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அவர் எழுத்துகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தொடக்கக்கால நூல்கள் கிறிஸ்தவ ஆன்மிக நெறிக்குள் நிற்கின்றன என்றும், பிற்கால எழுத்துகளிற் சில கருத்துகள் கத்தோலிக்க விசுவாசத்தோடு ஒவ்வாதவை என்றும் அது கூறியது. அவருடைய பயிற்சிகளால் பயன் பெற்றோரோ பல சமயங்களிலும் உளர். கிறிஸ்தவ அன்பர்கள் இவ்விரண்டையும் அறிந்தே அந்நூல்களைப் படிப்பது நலம். முன் எஞ்சினும் பின் எஞ்சினும் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்ய முற்படலாகாது என்பதே இதில் நாம் காணும் பாடம்.

மற்றோர் எல்லையையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். மூச்சைக் கவனிப்பதும் நாற்காலியோடு பேசுவதும் அன்றாடச் சுமைக்கு மருந்தாகலாம். கடுமையான மனநோய்க்கு ஆகா. ஒருவர் காதில் இல்லாத குரல் ஒலிக்கும்போது, அல்லது உயிரை விட எண்ணும்போது, அவருக்கு வேண்டியவர் மருத்துவர். இதைத் தெளிவாக உணர்ந்தவர்களுள் கிறிஸ்தவத் தொண்டர்களும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1957இல் மனநல மருத்துவப் பணியைத் தொடங்கியவர் கனடா நாட்டு மருத்துவர் பிளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார். நோயாளியைத் தனியே பூட்டி வைக்காமல், குடும்பத்தார் ஒருவர் உடன் தங்கிச் சிகிச்சையிற் பங்கு கொள்ளும் முறையை அந்நிலையம் கடைப்பிடித்து வந்தது. உறவினரின் அன்பும் மருந்தின் ஆற்றலும் அங்கே ஒரே அறையில் வாழ்ந்தன. இதற்கு நேர்மாறான துயரத்தையும் நாம் மறத்தலாகாது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் விடுதி ஒன்றிற் பற்றிய தீயில் 28 மனநோயாளிகள் மாண்டனர். ஓடித் தப்ப இயலாதவாறு அவர்கள் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தனர். அவர்களை அங்குக் கொண்டு சேர்த்த குடும்பத்தாரும் நலம் நாடியே வந்திருப்பர். நம்பிக்கை இருந்தது, மருத்துவம் உடன் வரவில்லை.

இனி நாம் செய்யத்தக்கது யாது? இரவு உணவுக்குப்பின் பத்து நிமிடம் ஒதுக்குவோம். கைப்பேசியை அப்பால் வைப்போம். இஞ்ஞாசியார் வகுத்த ஆன்ம சோதனையை எம்மதத்தினரும் தத்தம் முறைப்படி செய்யலாம். கிடைத்த நன்மைக்கு நன்றி, தெளிவு வேண்டி ஒரு விண்ணப்பம், காலை முதல் நடந்தவற்றை மீளப் பார்த்தல், தவறியதற்கு வருத்தம், நாளைக்கு ஓர் உறுதி. ஐந்தே படிகள். இன்று எப்போது சினம் வந்தது, எதனால் வந்தது என்று அறிந்தவன் நாளைய சினத்தைப் பாதி வென்றவன். வெகுளாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் படித்த நமக்கு இது புதிதும் அன்று.

பத்து நிமிடத்தாலும் தீராத துயரம் வீட்டில் இருக்குமாயின், வெட்கத்தைத் தள்ளி மருத்துவரை நாடுவோம். அரசின் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவோர் முதலில் 14416 என்னும் எண்ணில் பேசலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையின் எண் அது, கட்டணம் இல்லை, இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

மாத்திரையைக் கையில் கொடுக்கும் தாய் அதற்குமுன் மகன் தலையில் கை வைத்து ஜெபித்தால் மருத்துவர் சினப்பதில்லை. ஜெபித்தபின் மாத்திரை கொடுத்தால் கடவுளும் சினப்பதில்லை. அடைத்த கதவைத் திறப்பதே முதல் வேலை. அதை இன்றே செய்வோமாக.